இரண்டாவது கையெழுத்துக்கு வன்னியில் எங்கே போவது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடக்கில் பொருளியல் படித்தவர்களுக்கென்று ஒரு தொழில்சார் சங்கம் அமைக்க வேண்டும் என்று சில மாதங்களாகப் பேச்சு நடக்கிறது. அதற்கான யாப்பு, அதாவது சங்க விதிகளின் வரைவு ஒன்று போன கிழமை கை மாறிக் கை மாறி என்னிடமும் வந்து சேர்ந்தது. நான் கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிற ஆசிரியை, பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. வரைவை வாங்கிய அன்று இரவே இருந்து முழுவதும் வாசித்தேன். சங்கம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, அப்படி ஒன்று வராதா என்று எத்தனையோ வருடம் ஏங்கியவள் நான். ஆனால் அங்கத்துவம் பற்றிய பிரிவை வாசித்தபோது மனம் விட்டுப் போயிற்று. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அது நிறைவேறிக் கையெழுத்து விழுந்த பிறகு திருத்துவது கஷ்டம், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான். முழு அங்கத்தவராக வேண்டுமென்றால் பொருளியலில் சிறப்புப் பட்டம் அல்லது முதுகலைப் பட்டம் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலோ வங்கியிலோ அரச திணைக்களத்திலோ பொருளியல் சார்ந்த பதவி ஒன்றில் இருக்க வேண்டும். ஏற்கனவே அங்கத்தவராக இருக்கும் இருவர் முன்மொழிந்து வழிமொழிய வேண்டும். பாடசாலை ஆசிரியர்களும் மற்றவர்களும் இணை அங்கத்தவராகச் சேரலாம், சந்தா கட்ட வேண்டும், வாக்குரிமை கிடையாது. கூட்டங்கள் யாழ்ப்பாணத்தில். இப்படி ஒரு பிரிவை எழுதியவர்கள் வன்னியை வேண்டுமென்று ஒதுக்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேறொரு சங்கத்தின் யாப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதியிருப்பார்கள். அந்த வேறொரு சங்கத்தின் படிவத்தை நான் அறிவேன், அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014 ஆம் ஆண்டு தெற்கில் இயங்கும் பொருளியலாளர் அமைப்பு ஒன்றில் சேர விண்ணப்பித்தேன். பேர் வேண்டாம். படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது, அது பெரிய பிரச்சினை இல்லை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பினேன். சந்தாக் காசை வங்கியில் கட்டி, பற்றுச்சீட்டைப் படிவத்தின் மூலையில் குத்தினேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள், முன்மொழிபவர், வழிமொழிபவர் என்று. யாழ்ப்பாணத்தில் எனக்குப் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர் அங்கத்தவராக இருந்தார், ஒரு சனிக்கிழமை போய் அவரிடம் முதல் கையெழுத்தை வாங்கினேன், சந்தோசமாக வைத்துத் தந்தார். இரண்டாவது கோட்டுக்கு ஆள் இல்லை. கிளிநொச்சியில் விசாரித்தேன், முல்லைத்தீவில் தெரிந்தவர்களிடம் கேட்டேன், வவுனியாவில் கேட்டேன். அங்கத்தவர் என்று ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு கோடு வெறுமையாக இருக்கவே, நிலைமையை விளக்கி ஒரு கடிதமும் வைத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பற்றுச்சீட்டின் பிரதி இன்னமும் என் கோப்பில் இருக்கிறது.

காசு போனது பற்றி எனக்குக் கவலை இல்லை. வன்னியில் அங்கத்தவர் இல்லாததால் வன்னியில் ஒருவரும் அங்கத்தவராக முடியாது, ஒருவரும் ஆக முடியாததால் அங்கத்தவர் இல்லை. இந்தச் சுற்றை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன், வறுமையின் நச்சுவட்டம் என்று பாடத்தில் வரும். அதே வட்டத்தை இனி எங்கள் சொந்தச் சங்கமே யாப்பில் எழுதி வைக்கலாமா?

பொருளியலாளர் என்றால் யார் என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு நாலு வளவு தள்ளி ஒரு வேப்பமரம் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் அதன் கீழ் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து இருப்பார்கள். மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வருவார், தோளில் பை, கையில் பட்டியல். ஒவ்வொருவராகக் கிழமைக் காசைக் கொடுப்பார்கள். ஒருத்தியிடம் காசு இல்லையென்றால் மற்றவர்கள் போட்டுக் கட்டும் வரைக்கும் ஒருவரும் எழும்ப ஏலாது. அங்கே வரும் அக்கா ஒருவர் ஒருநாள் பின்னேரம் தன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ஐம்பதாயிரம் எடுத்திருந்தார். கிழமைக்கு 1,250 ரூபா, 52 கிழமை. மொத்தம் 65,000. வட்டி 15,000, அதாவது 30 வீதம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ‘ரீச்சர், முப்பது எண்டு சொன்னவங்கள், ஆனா எனக்கு அதைவிடக் கூடப் போற மாதிரிக் கிடக்கு, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ’ என்றார்.

அந்த அக்கா ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவர் கேட்டது முழுக்க முழுக்கச் சரியான கேள்வி. ஐம்பதாயிரமும் வருடம் முழுவதும் அவர் கையில் இருக்கவில்லை, முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டார், பாதி வருடத்தில் கடனில் பாதிக்குக் கிட்டத் தீர்ந்துவிட்டது, ஆனால் வட்டி மட்டும் முழு ஐம்பதாயிரத்துக்கும் முழு வருடத்துக்கும் போட்டிருக்கிறது. நான் கணினியில் போட்டுப் பார்த்தேன். குறைந்துகொண்டு போகும் மீதிக்குக் கணக்கிட்டால் கிழமைக்கு 1.04 வீதம், கூட்டுவட்டி சேர்க்காமலே வருடத்துக்கு 54 வீதம், கூட்டுவட்டியும் சேர்த்தால் 70 ஐத் தாண்டுகிறது. படிவக் காசு என்று முதலிலேயே கழித்ததை நான் சேர்க்கவில்லை. எண்ணைச் சொன்னவுடன் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கொப்பியைத் திருப்பி வாங்கி, பின் மட்டையில் 54 என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கொப்பி வேப்பமரத்தடியில் கை மாறியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

2018 இல் மத்திய வங்கி, அதன் அனுமதி பெற்ற நுண்நிதிக் கம்பனிகள், இப்படிச் சின்னக் கடன் கொடுப்பவர்கள், வருடத்துக்கு 35 வீதத்துக்கு மேல் பயனுறு வட்டி, அதாவது கூட்டுவட்டியும் சேர்த்த உண்மையான வட்டி, அறவிடக் கூடாது என்று எல்லை போட்டது, கலாநிதி இந்திரஜித் குமாரசுவாமி ஆளுநராக இருந்த காலம் அது. அதே வருடம் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது. நல்ல விசயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் விட்டவர்களுக்குத்தான் அது கிடைத்தது. தாலிக்கொடியை அடகு வைத்து, பால் மாட்டை விற்று, இன்னொரு கம்பனியில் புதுக் கடன் எடுத்துப் பழையதை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. தள்ளுபடியை எழுதும் மேசையில் எங்கள் பக்கத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கப் பொருளாளர் ஒருவர் இருந்திருந்தால், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கும் பழக்கம் எவ்வளவு பரவலானது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். நிலுவையில் இல்லாத கடன் எல்லாம் சுகமான கடன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவருக்கு இந்த வரைவின்படி இணை அங்கத்துவம் கிடைப்பதே சந்தேகம்.

இன்னொரு விசயம், இது என் வகுப்பறையில் நடந்தது. 2009/10 குடும்ப வருமான செலவின ஆய்வின் அட்டவணையைப் பிரதி எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்திருந்தேன், வறுமைச் சுட்டெண் படிப்பிப்பதற்கு. எல்லாரும் முதலில் தேடியது தங்கள் மாவட்டத்தைத்தான். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, ‘ரீச்சர், எங்கட மாவட்டம் எங்க?’ என்றது. இல்லை. மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. 2001 குடிசன மதிப்பீட்டிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவைக் கணக்கெடுக்க முடியவில்லை. 1981 க்குப் பிறகு இந்த மண்ணில் முழுமையாக ஆள் எண்ணியது 2012 இல்தான். இடையில் முப்பது வருடம் நாங்கள் எத்தனை பேர், என்ன சாப்பிட்டோம், எவ்வளவு உழைத்தோம், எவ்வளவு கடன்பட்டோம் என்பதற்கு உத்தியோகபூர்வமான கணக்கே ஒழுங்காக இல்லை. அந்த முப்பது வருடத்துக்குள்தான் நான் பிறந்து வளர்ந்து படித்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது, ஒரு சவர்க்காரத்துக்கு எத்தனை கொத்து அரிசி என்பதெல்லாம் எங்கள் அம்மாமாரின் நினைவில் மட்டும் இருக்கிறது. மல்லாவியில் இடம்பெயர்ந்து இருந்தபோது அம்மா ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் சாமான் விலைகளை எழுதி வைத்திருந்தார். அது 2009 இல் போரின் கடைசியில் எல்லாவற்றோடும் போய்விட்டது. இப்போது யோசித்தால் அது ஒரு விலைச் சுட்டெண்.

பிறகு எண்கள் வந்தன. 2012/13 ஆய்வில் முல்லைத்தீவின் வறுமை வீதம் 28.8, நாட்டிலேயே ஆகக் கூடியது. கிளிநொச்சி 12.7. மூன்று வருடம் கழித்து 2016 இல் முல்லைத்தீவு 12.7 க்கு இறங்கியது, கிளிநொச்சி 18.2 க்கு ஏறி அந்த முதலிடத்தைப் பிடித்தது. முழு நாட்டுக்கும் அப்போது 4.1. பரந்தனிலிருந்து ஒரே வீதியில் பஸ் ஏறிப் போகிற இரண்டு மாவட்டங்கள் இவை. ஒரே மழை, ஒரே நெல், ஒரே மீள்குடியேற்றம். ஒன்றில் வறுமை பாதிக்கும் கீழே விழுந்தது, மற்றதில் கிட்டத்தட்ட அரைப்பங்கு கூடியது. ஏன்? ஆய்வுக்கு எடுத்த குடும்பங்கள் குறைவாக இருந்ததால் வந்த ஆட்டமா, வீட்டுத் திட்டக் காசு வந்த காலத்துக்கும் முடிந்த காலத்துக்கும் உள்ள வித்தியாசமா, கிளிநொச்சியில் லீசிங் கம்பனிகளும் கடைகளும் கூடி வந்து கடனும் கூடியதா? இந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன். தனி ஆளாக ஒரு ரீச்சர் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரு சங்கம் எழுத்தில் கேட்டால் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் பதில் சொல்லத்தான் வேண்டும். இதற்காகத்தான் எனக்குச் சங்கம் வேண்டும், என் பேருக்குப் பின்னால் இன்னொரு பட்டம் போடுவதற்கு இல்லை.

இப்போது அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு வந்து 22 குறிகாட்டிகளை வைத்து யார் ஏழை என்று தீர்மானிக்கிறது. குறிகாட்டிகளைத் தீர்மானித்தவர்கள் கொழும்பில். வீடு வீடாகப் போய் அவற்றை நிரப்பியவர்கள் எங்கள் ஊர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் கணக்கெடுக்க வந்த பிள்ளைகளும். எந்தக் கேள்வி இந்த மண்ணில் பிழையாகப் போகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். உதாரணத்துக்கு, வீட்டுத் திட்டத்தில் கிடைத்த கல்வீட்டில் இருக்கும் தனித்தாய் ஒருவர், சீமெந்துச் சுவரும் ஓடும் உள்ள வீடு, உள்ளே அடுப்பு மூட்ட வழியில்லை. வீட்டைப் பார்த்தால் ஏழை இல்லை. என் பழைய மாணவி ஒருத்தி அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறாள், பொதுப் பட்டம் படித்தவள், இப்படியான வீடுகளைத் தன் பிரிவில் மட்டும் தனியாகக் குறித்து ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை, தானாகச் செய்தாள். சிறப்புப் பட்டம் இல்லாததால் அவளும் வெளியே.

பட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசை முதன்முதலாக ஒரு பெண் பெற்றார், எலினோர் ஒஸ்ட்ரம். அவருடைய கலாநிதிப் பட்டம் அரசறிவியலில். பொதுவான தண்ணீரையும் காட்டையும் மீனையும் சனங்கள் தாங்களே விதி போட்டுப் பங்கிட்டுக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார், நேபாளத்தின் வாய்க்கால்களை எல்லாம் போய்ப் பார்த்து ஆராய்ந்தவர். அவர் செய்ததை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டிய தேவையே வருவதில்லை, எங்கள் பெரிய குளமான இரணைமடு என்று சொன்னால் போதும். குளம் நிரம்பினால் 36 அடி. காலபோகம் என்ற மாரி நெல் முடிந்து குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, இந்த முறை சிறுபோகம் என்ற கோடை நெல் எத்தனை ஏக்கர் என்று கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். தண்ணீர் எல்லாக் காணிக்கும் காணாது. அப்போது யாருடைய காணியில் விதைப்பது, தண்ணீர் போகாத காணிக்காரனுக்கு எவ்வளவு பங்கு, வாய்க்கால் துப்புரவுக்கு வராதவனுக்கு என்ன செய்வது என்றெல்லாம் பேசுவார்கள். சண்டை வரும், மேசையில் அடிப்பார்கள், கடைசியில் ஒரு கணக்குக்கு வருவார்கள். இந்தக் கணக்கை வருடக்கணக்காக எழுதி வைத்திருக்கும் கமக்காரர் அமைப்புச் செயலாளர் ஒருவரை எனக்குத் தெரியும். எந்த வருடம் எத்தனை அடி, எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலில் கடைசிக் காணிப் பயிர் தண்ணீரில்லாமல் கருகியது, அறுவடை நேரம் வியாபாரி என்ன விலை சொன்னான், அரசாங்கம் நிர்ணயித்த விலை எத்தனை கிழமை பிந்தி வந்தது, ஈரம் என்று மூடைக்கு எத்தனை கிலோ கழித்தார்கள், எல்லாம் அவரிடம் இருக்கிறது. ஒஸ்ட்ரம் உயிரோடு இருந்து கிளிநொச்சிக்கு வந்திருந்தால் முதலில் அவர் வீட்டுத் திண்ணையில்தான் போய் இருந்திருப்பார்.

பேர்பெற்ற ஆங்கிலப் பொருளியலாளர் கெயின்ஸின் பட்டம் கணிதத்தில் என்பதையும் இங்கே ஞாபகப்படுத்துகிறேன். பொருளியலில் அவர் பட்டம் எடுக்கவே இல்லை. நம் வரைவின்படி பார்த்தால் அவருக்கும் இடமில்லை.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்று வரைவு எழுதியவர்கள் பார்த்திருக்கலாம். 1890 இல் லண்டனில் பொருளியலாளர் சங்கம் ஆரம்பித்தபோது, பின்னாளில் றோயல் பொருளியல் சங்கம் என்று பேர் பெற்றது அதுதான், அல்பிரட் மார்ஷல் போன்ற பெரிய பொருளியலாளர்கள் முன்னின்று நடத்திய அந்தச் சங்கத்தில் பட்டம் ஒரு நிபந்தனையாக இருக்கவில்லை, நோக்கத்தை ஏற்றுக்கொள்பவர் சேரலாம் என்றுதான் வைத்தார்கள். 1885 இல் தொடங்கிய அமெரிக்கப் பொருளியல் சங்கத்தில் இன்றும் யாரும் அங்கத்தவராகலாம், சந்தாவும் வருமானத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும், குறைய உழைப்பவர் குறையக் கட்டுவார். உலகத்தின் பெரிய பொருளியலாளர் எல்லாம் உள்ள சங்கம் அது, திறந்து வைத்ததால் அதன் மதிப்பு இறங்கிவிடவில்லை. அதே நாட்டில் தெற்கு மாநிலங்களுக்கென்று 1928 இல் தனியாக ஒரு பிராந்தியச் சங்கம் வந்தது, இன்றும் நடக்கிறது. அந்த உதாரணம்தான் நமக்குக் கிட்ட வருகிறது. ஒரு பிராந்தியத்துக்கு என்று சங்கம் வைப்பதே அந்த மண்ணின் கேள்விகளைக் கேட்கத்தானே. யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கேள்விகள் வேறு, அதைச் சொல்லத் தயங்கத் தேவையில்லை. அங்கே வெளிநாட்டுக் காசும் வெங்காயமும், இங்கே காணி உறுதியும் குளமும் கிழமைக் கடனும். மலையகத்திலிருந்து 1977 கலவரத்தோடு வந்து இங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர், அவர்களுடைய வீட்டுக் கணக்கு இன்னும் வேறு.

சரி, எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். இந்தக் கருத்தைச் சொன்னபோது எனக்கு வேண்டிய ஒருவரே, ‘எல்லாரையும் சேர்த்தால் சங்கத்தின் பேர் கெட்டுப் போகும், நாளைக்கு ஒரு அரசியல்வாதி தன் ஆட்களை ஐம்பது பேரைச் சேர்த்து நிர்வாக சபையைப் பிடிப்பான், இல்லாவிட்டால் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஆலோசகர் வேலை தேடுபவர் எங்கள் பேரைப் போட்டுக்கொண்டு திரிவார்’ என்றார். அந்தப் பயம் நியாயமானது. நடந்ததைப் பார்த்திருக்கிறோம், எங்கள் கூட்டுறவுச் சங்கங்கள் சிலதில் அப்படித்தான் நடந்தது. ஆனால் அதற்கு மருந்து பட்டத்தாளில் இல்லை. சிறப்புப் பட்டம் உள்ளவர்களும் அரசியல்வாதிக்குப் பின்னால் போகிறார்கள். டாக்டருக்கு மருத்துவ சபை இருக்கிறது, பதிவு இல்லாமல் ஊசி போட ஏலாது. பொருளியலாளருக்கு அப்படி ஒரு பதிவு எங்கள் நாட்டில் இல்லை. ஆகவே ஆளின் தகுதியைப் படிவத்தின் ஒரு கோட்டில் அளக்கப் பார்ப்பதை விட, ஆள் செய்த வேலையைப் பார்க்கலாம்.

என் யோசனை இது. சேர விரும்புபவர் தான் பார்த்த ஒரு பொருளாதார விசயத்தைப் பற்றித் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நாலு பக்கம் எழுதித் தரட்டும், எண்களோடு. குளத்தின் கணக்காக இருக்கலாம், சந்தையில் கத்தரிக்காய் விலையாக இருக்கலாம், ஒரு கடன் கொப்பியாக இருக்கலாம். மூன்று பேர் அதை வாசித்து, எழுதியவர் இதை உண்மையில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாரா, கணக்குச் சரியா என்று மட்டும் பார்க்கட்டும். சரியென்றால் முழு அங்கத்துவம், முழு வாக்கு. ஆறு மாதம் கழிந்த பிறகுதான் வாக்களிக்கலாம் என்று வையுங்கள், கூட்டத்துக்கு முதல் நாள் ஐம்பது பேரை ஏற்றி இறக்க முடியாது. யாராவது ஒரு கம்பனியிடமோ தொண்டு நிறுவனத்திடமோ கட்சியிடமோ காசு வாங்கி ஆய்வு செய்தால் அதைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள், அமெரிக்கச் சங்கம் 2012 இல் தன் சஞ்சிகைகளுக்கு அப்படித்தான் விதி போட்டது. முன்மொழிபவர், வழிமொழிபவர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். எடுக்கத்தான் மாட்டோம் என்றால் முதல் மூன்று வருடத்துக்காவது நிறுத்தி வையுங்கள், ஒவ்வொரு மாவட்டத்திலும் கொஞ்சப் பேராவது உள்ளே வரும் வரைக்கும்.

இணை அங்கத்துவம் என்ற பிரிவு முழுவதும் போக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு வாக்குத் தராமல் ஒருவரைக் கதிரையில் இருத்துவது சரியில்லை. உயர்தரத்தில் பொருளியல் படிப்பிக்கும் ஆசிரியர்களை அதில் போட்டது எனக்குத் தனிப்பட்ட முறையிலும் நோகிறது, ஏனென்றால் இந்த மாகாணத்தில் பொருளியல் என்ற சொல்லை ஒரு பிள்ளை முதலில் கேட்பது எங்கள் வாயிலிருந்துதான்.

சந்தாவை வருமானத்துக்கு ஏற்ப வையுங்கள். பல்கலைக்கழகப் பேராசிரியரும் நியமனம் கிடைக்காமல் ரியூஷன் கொடுக்கும் பட்டதாரியும் ஒரே தொகை கட்டுவது பொருளியல் படித்தவர்கள் எழுதுகிற விதி இல்லை.

கூட்டம் நடக்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். எல்லாக் கூட்டமும் யாழ்ப்பாணத்தில், பின்னேரம் மூன்று மணிக்கு என்று வரைவில் இருக்கிறது. முல்லைத்தீவிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ மடுப் பக்கத்திலிருந்தோ ஒரு பெண் அந்தக் கூட்டத்துக்கு வந்து, ஐந்தரைக்கு முடித்து, எந்த பஸ்ஸில் திரும்பி வீடு போவார்? மாங்குளத்தில் இறங்கி மல்லாவி பஸ்ஸுக்கு இருட்டில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். சுற்று முறையில் வையுங்கள், ஒரு முறை கிளிநொச்சி, ஒரு முறை வவுனியா, ஒரு முறை மன்னார், ஒரு முறை முல்லைத்தீவு, பிறகு யாழ்ப்பாணம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் மூன்று பீடங்கள் இருக்கின்றன, வவுனியாவில் 2021 இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது, மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகமும் கிளிநொச்சியில் இருக்கிறது, கேட்டால் ஒரு மண்டபம் தராமலா விடுவார்கள்? காலை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அழைப்பிதழில் ஒரு வரி போடுங்கள். அப்படிச் செய்தால் எத்தனை பெண்கள் வருவார்கள் என்று பாருங்கள்.

அறிவித்தல்கள் தமிழில் வரட்டும், வவுனியாவில் சிங்களம் பேசும் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சிங்களத்திலும் போகட்டும். ஆங்கிலத்தில் மட்டும் என்றால் அந்த அறிவித்தல் எங்கள் பக்கத்தில் பாதி மேசைகளில் மூடியபடி கிடக்கும்.

பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயம் வரப்போகிறது என்று சொல்கிறார்கள். வந்தால் யார் காணி போகும், யாருக்கு வேலை கிடைக்கும், தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள் என்ற கேள்விகள் அடுத்த மாதமே எங்கள் மேசைக்கு வரலாம். பழைய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்த ஐயாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அந்தத் தொழிற்சாலை ஓடின காலத்தில் ஊருக்குள் என்ன காசு புழங்கியது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கவே இன்னும் ஒருவரும் வரவில்லை. சங்கம் வந்தால் முதல் வேலையாக அதை நானே எடுத்துச் செய்யத் தயார்.

ஆசிரியர் அவர்களே, பொதுக்கூட்டம் அடுத்த மாதம் என்று அறிகிறேன். அதற்கு முன் இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து பிரசுரியுங்கள். வரைவு எழுதியவர்கள் இதே பக்கத்தில் பதில் எழுதினால் சந்தோசப்படுவேன், கோபமாக எழுதினாலும் பரவாயில்லை. நான் கூட்டத்துக்கு வருவேன், இணை அங்கத்தவர் வரிசையில் இருத்தினாலும் எழும்பிப் பேசுவேன். என்னிடம் பதினொரு பேரின் பட்டியல் ஒன்று இருக்கிறது. நான் மேலே சொன்ன கமக்காரர் அமைப்புச் செயலாளர், அபிவிருத்தி உத்தியோகத்தரான என் மாணவி, மாதர் சங்கப் பொருளாளர், கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதிய ஒரு ஐயா, மல்லாவிப் பக்கத்தில் பொருளியல் படிப்பிக்கும் இரண்டு இளம் ஆசிரியர்கள், இப்படிப் பதினொரு பேர். அவர்களில் நாலு பேர் நாலு பக்கக் கட்டுரையை எழுதத் தொடங்கிவிட்டார்கள், யாரும் இன்னும் கேட்கவில்லை என்றாலும். முன்மொழிபவர் கோடு படிவத்தில் இருக்கத்தான் வேண்டும் என்று கூட்டம் முடிவெடுத்தால், என்னை முழு அங்கத்தவராக எடுங்கள், பதினொரு படிவத்திலும் முதல் கையெழுத்தை நான் வைக்கிறேன். இரண்டாவது கையெழுத்தை அங்கே இருக்கும் ஒருவர் வைக்கட்டும்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியை ஒருவர்,
கிளிநொச்சி.